பாட்டு எழுத பிளாங்க் சிடி தேர்ந்தெடுப்பது எப்படி?

பாட்டை வீட்டிலேயே சிடியில் எழுதிக் கேட்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அசல் சிடியைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு அதன் பிரதியைப் போட்டுக் கேட்பவர்கள், பழைய கேசட்டையும் எல்பி ரெக்கார்டையும் கணினிக்கு மாற்றியவர்கள், காரில் இன்னும் சிடி பிளேயர் வைத்திருப்பவர்கள், வீட்டில் நல்ல பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் இருப்பதால் அதைச் சும்மா கிடக்க விட மனமில்லாதவர்கள். நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன். என்னிடம் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "எந்த பிளாங்க் சிடி நல்லது?" என்பதுதான்.

பதிலாக ஒரு பிராண்டின் பெயர் சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் பெட்டியின் மேல் இருக்கும் பெயரை வைத்து உள்ளே இருக்கும் தட்டைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. அது ஒன்று. இன்னொன்று, பாட்டுக்கு எழுதும் சிடி, ஃபைல்களுக்கு எழுதும் சிடியைவிட நல்லதாக இருக்க வேண்டும். பலர் இதை நேர்மாறாக நினைக்கிறார்கள். "பாட்டுதானே, ஒன்றிரண்டு பிட் போனால் என்ன, ஃபைலுக்குத்தான் நல்ல சிடி வேண்டும்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மை அப்படி இல்லை. இதை முதலில் புரிந்துகொண்டால், தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்தது.

சிடியில் எல்லாமே துண்டு துண்டாக எழுதப்படுகிறது. ஒரு நொடிக்கு 75 துண்டுகள், ஒவ்வொன்றும் 2,352 பைட். ஃபைல்களை எழுதும்போது இந்த 2,352 பைட்டில் 2,048 மட்டும்தான் நம்முடைய தகவல். மீதி இடத்தில் அந்தத் துண்டின் முகவரி, பிழை இருக்கிறதா என்று பார்க்கும் குறியீடு, பிழையைத் திருத்தும் குறியீடு எல்லாம் இருக்கும். திருத்தும் குறியீட்டுக்கு மட்டும் 276 பைட் போகிறது. பாட்டு எழுதும்போது இந்தக் காவல் எதுவும் கிடையாது. 2,352 பைட்டும் ஒலிக்கே போய்விடும்.

80 நிமிட சிடியில் 3,60,000 துண்டுகள் இருக்கின்றன. ஃபைலாக எழுதினால் சுமார் 73 கோடியே 73 லட்சம் பைட் பிடிக்கும். அதைத்தான் பெட்டியில் 700 எம்பி என்று போடுகிறார்கள். பாட்டாக எழுதினால் அதே தட்டில் 84 கோடியே 67 லட்சம் பைட் பிடிக்கும். 700 எம்பி சிடியில் 800 எம்பிக்கு மேல் வேவ் ஃபைல் எப்படி நுழைந்தது என்று சிலர் குழம்புவது இதனால்தான். கிட்டத்தட்ட 11 கோடி பைட் கூடுதலாகக் கிடைப்பது, பாதுகாப்புக்காக வைத்திருந்த இடத்தை விட்டுக் கொடுத்ததால் கிடைப்பது.

அப்படியானால் பாட்டு சிடியில் பிழைத்திருத்தமே இல்லையா என்றால், இருக்கிறது. 1980-ல் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த ரெட் புக் தர நிர்ணயத்திலேயே, எல்லா சிடிக்கும் பொதுவாக சர்க் என்ற திருத்த முறை உண்டு. இது தகவலை வரிசையாக ஓரிடத்தில் எழுதாமல், அக்கம்பக்கமாகப் பரப்பி எழுதுகிறது. ஒரு புத்தகத்தின் பக்கங்களைப் பிரித்துப் பல வீடுகளில் கொடுத்து வைத்த மாதிரி. ஓரிடத்தில் கீறல் விழுந்தால், பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழப்பு வரும். அந்தச் சின்னச் சின்ன ஓட்டைகளைக் கணக்குப் போட்டு அடைத்துவிடலாம். தடத்தின் நீளவாக்கில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குத் தகவல் போனாலும் அப்படியே மீட்டுவிடும் அளவுக்கு இது வலிமையானது. பாராட்ட வேண்டிய வேலை.

பிரச்சினை அதற்கு அப்புறம்தான். இந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியாத இடம் வந்தால், ஃபைல் சிடியில் கூடுதலாக வைத்திருந்த அந்தக் காவல் கைகொடுக்கும். அதுவும் முடியாமல் போனால், கணினி "படிக்க முடியவில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும். பாட்டு சிடியில் அப்படி இல்லை. முன்னும் பின்னும் உள்ள ஒலி மதிப்புகளைப் பார்த்து, நடுவில் இருந்திருக்கக்கூடிய ஒன்றைப் பிளேயரே ஊகித்துப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். நமக்கு எதுவும் தெரியாது. அந்த ஊகமும் கைவிட்டால்தான் டிக் என்றோ, ஒரு நொடி மௌனமாகவோ காதில் விழும். காதில் விழும் நேரத்தில் தட்டு ஏற்கெனவே ரொம்பக் கெட்டிருக்கும். பாட்டு சிடி கெடுவதை வாய்விட்டுச் சொல்லாது. அதனால்தான் முதலிலேயே பிழை குறைவாக எழுத வரும் தட்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இந்தப் பிழைகளை அளக்க முடியும். முதல் கட்டத்தில் திருத்தப்படும் பிழைகளை சி1 என்றும், அதைத் தாண்டி இரண்டாம் கட்டத்துக்குப் போகிறவற்றை சி2 என்றும் சொல்கிறார்கள். ஒரு நொடிக்கு 7,350 சட்டகங்கள் (முன்பு சொன்ன துண்டைவிடச் சிறிய அலகுகள்) படிக்கப்படுகின்றன. அதில் பிழையுள்ளவை சராசரியாக 220-ஐத் தாண்டக் கூடாது என்பது தர நிர்ணயம். அதாவது நூற்றுக்கு மூன்று. நன்றாக எழுதப்பட்ட சிடி இதற்கு ரொம்பவே கீழே இருக்கும். ஒற்றை இலக்கத்தில் வரும் தட்டுகளும் உண்டு. வீட்டில் எழுதும்போது நான் 220 என்பதை ஏற்பதே இல்லை. அது எழுதிய அன்றைக்கே எல்லையில் நிற்கிற தட்டு. வயதாக ஆகப் பிழை கூடுமே தவிரக் குறையாது.

சரி, தட்டுக்கு வருவோம்.

கடையில் விற்கும் அசல் பாட்டு சிடி அச்சில் வார்த்தது. பிளாஸ்டிக்கிலேயே பள்ளங்கள் இருக்கும். அதன் மேல் அலுமினியம் பூசியிருப்பார்கள். நாம் எழுதும் சிடி-ஆர் வேறு சமாசாரம். அதில் பள்ளங்கள் கிடையாது. உள்ளிருந்து வெளியே சுழன்று போகும் ஒரு மெல்லிய வரித்தடம் மட்டும் இருக்கும். அந்தத் தடத்தின் மேல் ஒரு கரிமச் சாயம், அதன் மேல் உலோகப் படலம், அதற்கும் மேல் லாக்கர் என்ற மெல்லிய பாதுகாப்புப் பூச்சு, கடைசியாக அச்சு. எழுதும்போது லேசர் அந்தச் சாயத்தைச் சுடுகிறது. சுட்ட இடத்தில் ஒளி திரும்பி வருவது குறைகிறது. படிக்கும் லேசருக்கு அது பள்ளம் மாதிரியே தெரியும். 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கு ஏற்றபடிதான் இந்தச் சாயத்தைச் செய்கிறார்கள். முதலில் வந்த சில டிவிடி பிளேயர்கள் அசல் சிடியைப் பாடிவிட்டு சிடி-ஆரைக் கண்டுகொள்ளாமல் இருந்ததற்கும் இதுதான் காரணம். அவற்றில் 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் மட்டும் இருந்தது. அந்த ஒளியைச் சாயம் விழுங்கிவிடும். பிறகு இரண்டு லேசர்கள் வைத்த பிளேயர்கள் வந்த பின் அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆக, பிளாங்க் சிடி வாங்குவது என்றால், சாயத்தையும், அதன் மேலிருக்கும் உலோகத்தையும், அதைப் பூசிய தொழிற்சாலையின் ஒழுங்கையும் வாங்குவதுதான். மற்றதெல்லாம் அப்புறம்.

சாயத்தில் மூன்று பெரிய குடும்பங்கள். முதலில் வந்தது சயனின். ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் 1980-களின் இறுதியில் சிடி-ஆரை உருவாக்கியபோது பயன்படுத்தியது இதைத்தான். இரண்டாவது தாலோசயனின். இது மிட்சுய் நிறுவனத்தோடு சேர்த்துப் பேசப்படும் சாயம். மூன்றாவது அசோ. மிட்சுபிஷி கெமிக்கல் உருவாக்கி, வெர்பாட்டிம் பெயரில் விற்றது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரளவு அடையாளம் தெரியும். வெள்ளிப் படலத்தோடு சேர்ந்த சயனின் நீலப்பச்சையாக இருக்கும். தாலோசயனின் வெளிறிப்போய், கிட்டத்தட்ட நிறமே இல்லாத மாதிரி, லேசான மஞ்சள் பச்சையில் இருக்கும். அசோ ஆழ்ந்த நீலம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. சயனின் விட்டுக்கொடுக்கும் சாயம். லேசரின் சக்தி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நன்றாகவே எழுதிக்கொள்ளும். பழைய ரெக்கார்டர்களில் அது நல்ல பெயர் எடுத்தது அதனால்தான். ஆனால் ஒளி பட்டால் சீக்கிரம் வாடும். பின்னால் அதில் நிலைப்படுத்தும் பொருள்களைச் சேர்த்து ஆயுளைக் கூட்டினார்கள். தாலோசயனின் வெளிச்சத்தையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஆனால் எழுதும் சக்தி சரியான அளவில் இருக்க வேண்டும். டிரைவ் அந்தத் தட்டை அறியாததாக இருந்தால் பிழை கூடிவிடும். அசோ இரண்டுக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் நன்றாகச் செய்யும் என்பது என் அனுபவம். நீண்ட நாள் வைத்திருக்கும் தட்டுக்கு, டிரைவ் ஒத்துழைத்தால், தாலோசயனினையே எடுப்பேன். டிரைவ் பழசு, எதற்கு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாது என்றால் அசோ.

நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிளாஸ்டிக்கிலேயே நிறம் கலந்த தட்டுகள் உண்டு. கறுப்பு சிடி அப்படிப்பட்டது. நம் கண்ணுக்குத்தான் அது கறுப்பு. அகச்சிவப்பு லேசருக்கு அது கண்ணாடி மாதிரிதான். கறுப்புத் தட்டில் எழுதினால் பாட்டு "ஆழமாக" ஒலிக்கும் என்று ஒரு நம்பிக்கை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. பிட்டுகள் சரியாகத் திரும்பி வந்தால் ஒலி ஒன்றுதான். நிறத்தில் ஒலி இல்லை. கறுப்புத் தட்டில் ஒரு குறை உண்டு: சாயத்தின் நிறத்தையோ, பூச்சில் இருக்கும் திட்டுகளையோ கண்ணால் பார்த்துச் சோதிக்க முடியாது. அதனாலேயே நான் அதை வாங்குவதில்லை.

உலோகத்தில் இரண்டுதான் பேச வேண்டியது, தங்கமும் வெள்ளியும். ஆரம்பத்தில் தங்கம் போட்டார்கள். பிறகு செலவு குறைய வெள்ளிக்கு வந்தார்கள். வெள்ளி தங்கத்தைவிட ஒளியை நன்றாகத் திருப்பும். ஆனால் காற்றில் இருக்கும் கந்தகம் கலந்த வாயுக்கள் பட்டால் கறுத்துப் போகும். தங்கம் அப்படிக் கெடாது. அதனால்தான் ஆவணக் காப்புக்கான தட்டு என்று விற்பவற்றில் தாலோசயனினும் தங்கமும் சேர்ந்து வரும். ஒரு எச்சரிக்கை: தங்க நிறத்தில் அச்சடித்த தட்டு எல்லாம் தங்கத் தட்டு ஆகாது. எழுதும் பக்கத்தைப் பாருங்கள். அங்கேயும் பொன்னிறம் தெரிய வேண்டும். அப்போதும் பெட்டியில் தங்கப் படலம் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்போது பிராண்டுக்கு வருகிறேன். சிடி-ஆர் விற்ற நிறுவனங்களில் பல எதையும் தாங்களே செய்ததில்லை. வேறொரு தொழிற்சாலையில் வாங்கித் தங்கள் பெயரை அச்சடித்து விற்றார்கள். இந்த மாதம் ஒரு தொழிற்சாலை, அடுத்த மாதம் வேறொன்று. பெட்டி மாறாது, உள்ளே தட்டு மாறிவிடும். "போன தடவை இதே பிராண்டு அருமையாக இருந்ததே, இந்தத் தடவை என்ன ஆயிற்று?" என்ற புலம்பல் இங்கிருந்துதான் வருகிறது. நல்ல பெயர் எடுத்த தொழிற்சாலைகளும் கை மாறிவிட்டன. தையோ யூடன் 2015-ல் தட்டுத் தயாரிப்பையே விட்டுவிட்டது. வெர்பாட்டிம் 2019-ல் மிட்சுபிஷியிடமிருந்து தைவானின் சிஎம்சி மேக்னடிக்ஸுக்குப் போனது. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன்னால் யாரோ எழுதி வைத்த பரிந்துரையை அப்படியே நம்பி இன்று வாங்கினால், அந்தப் பெயர் இருக்கலாம், அந்தத் தட்டு இருக்க வேண்டிய அவசியமில்லை.

தட்டு எங்கே பிறந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. நான் சொன்ன அந்த வரித்தடம் நேர்க்கோடாக ஓடுவதில்லை, மிக நுட்பமாக நெளிந்து ஓடும். அந்த நெளிவிலேயே சில தகவல்களைப் பதித்து வைத்திருப்பார்கள். தட்டு எத்தனை நிமிடம், எழுத எவ்வளவு லேசர் சக்தி வேண்டும், அச்சு வார்ப்பு யாருடையது என்பது போன்றவை. இதற்கு ஏடிஐபி என்று பெயர். கணினியில் இதைப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. தட்டைப் போட்டால் 97 நிமிடம், இத்தனை நொடி, இத்தனை துண்டு என்ற வடிவில் ஓர் எண் வரும். அது தட்டின் நீளம் அல்ல, அடையாள எண். தையோ யூடன் தட்டுகளில் 97:24:01 என்று வரும். அந்த எண்ணைப் பார்த்துத் தயாரிப்பாளரை அடையாளம் காண்பது ஒரு காலத்தில் இந்த விஷயத்தில் ஆர்வமுள்ளவர்களின் முதல் வேலையாக இருந்தது. அந்த எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. ஒருவருடைய வார்ப்பை இன்னொருவர் வாங்கிப் பயன்படுத்தினால் எண் பழையவருடையதாகவே வரும். போலிகளிலும் நல்ல எண் வரும். ஆனால் ஒன்றுக்கு இது நிச்சயம் உதவும்: ஒரே பிராண்டில் இரண்டு பெட்டிகள் வாங்கி, இரண்டிலும் எண் வேறாக இருந்தால், இரண்டும் வேறு வேறு தட்டுகள். ஒன்றைச் சோதித்த முடிவை இன்னொன்றுக்குப் பொருத்த வேண்டாம்.

"மியூசிக்" என்றோ "ஆடியோ" என்றோ போட்டு, சாதாரண சிடி-ஆரைவிடக் கூடுதல் விலையில் ஒரு வகை விற்றது. பலர் அதில் பாட்டு நன்றாகப் பதியும் என்று நினைத்து வாங்கினார்கள், இன்றும் தேடுகிறார்கள். ஒலித் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஏடிஐபி தகவலில் ஒரு சின்ன அடையாளக் குறி மட்டும்தான் வித்தியாசம். கணினி இல்லாமல், ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துப் பதிவு செய்யும் தனி சிடி ரெக்கார்டர்கள் இருந்தன. வீட்டு உபயோகத்துக்கான அந்த ரெக்கார்டர்கள் இந்தக் குறி இருந்தால்தான் தட்டை ஏற்கும். அமெரிக்காவில் 1992-ல் வந்த வீட்டு ஒலிப்பதிவுச் சட்டத்தின்படி, இப்படிப்பட்ட தட்டுகளின் விலையில் 3 சதவீதம் இசைத்துறைக்கு உரிமைத் தொகையாகப் போகும். வேறு சில நாடுகளிலும் பிளாங்க் சிடி மேல் இப்படிக் கட்டணம் உண்டு. உங்களிடம் அந்த மாதிரி தனி ரெக்கார்டர் இருந்தால் மியூசிக் சிடி-ஆர்தான் வாங்கியாக வேண்டும், வேறு வழியில்லை. கணினியில் எழுதுகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. அந்தக் காசுக்கு நல்ல சாயமுள்ள சாதாரண சிடி-ஆர் வாங்கலாம்.

நிமிடக் கணக்கில் 74, 80 இரண்டையும் எடுக்கலாம். தட்டின் அளவு ஒன்றேதான், 12 சென்டிமீட்டர். அதே இடத்தில் அதிக நிமிடம் பிடிக்க வேண்டுமானால் தடங்களை நெருக்கிப் போட வேண்டும். 80 நிமிடத் தட்டு தர நிர்ணயத்தின் விளிம்பில் நிற்கிறது. இன்று கிடைப்பது பெரும்பாலும் அதுதான், நல்ல டிரைவில் எந்தத் தொல்லையும் இல்லை. 90, 99 நிமிடத் தட்டுகள் தர நிர்ணயத்துக்கு வெளியே போனவை. பழைய பிளேயரிலும் காரிலும் கடைசிப் பாட்டுகளில் தடுமாறும். பாட்டுக்கு அவற்றைத் தொடவே வேண்டாம். அழித்து அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூவும் பாட்டுக்கு வேண்டாம். அதில் சாயம் இல்லை, நிலை மாறும் உலோகக் கலவை. சிடி-ஆர் 65 சதவீதத்துக்கு மேல் ஒளியைத் திருப்பும்போது இது 15 முதல் 25 சதவீதம்தான் திருப்பும். பழைய பிளேயர்களுக்கு அது வெறும் இருட்டு. பாட்டு வரிசை சரியாக இருக்கிறதா என்று ஒத்திகை பார்க்க மட்டும் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

எழுதும் வேகத்தைப் பற்றி ஒரு பழைய அறிவுரை உண்டு, பாட்டை எப்போதும் 1எக்ஸ் வேகத்தில்தான், அதாவது பாட்டு ஓடும் அதே வேகத்தில்தான், எழுத வேண்டும் என்று. அந்தக் காலத்துத் தட்டுகளுக்கு அது பொருந்தியது. அவற்றின் சாயம் தடிமனாக, மெதுவாகச் சுடப்படுவதற்கென்றே செய்யப்பட்டது. பிறகு வந்த 48எக்ஸ், 52எக்ஸ் தட்டுகளின் சாயம் வேகமாக ஓடும் லேசருக்கு ஏற்றது. அதில் 1எக்ஸில் எழுதினால் தேவைக்கு மேல் சூடேறி, குறிகளின் ஓரம் மங்கி, பிழை கூடும். புதிய டிரைவ்களில் பல அவ்வளவு மெதுவாக எழுதவே எழுதாது. அதற்காக 52எக்ஸில் பறக்கவும் வேண்டாம். அந்த வேகத்தில் தட்டு அதிர்கிறது. வெளி விளிம்பில் பிழை ஏறுகிறது. நான் 16எக்ஸ் பக்கம் நிறுத்திக்கொள்வேன். 80 நிமிடப் பாட்டு எழுத ஐந்து நிமிடம்தான் ஆகும். 16எக்ஸில் இன்னொரு நன்மை, பல டிரைவ்கள் தட்டு முழுவதையும் ஒரே சீரான வேகத்தில் எழுதும். அதற்கு மேல் போனால் சில டிரைவ்கள் நடுநடுவே வேகத்தைக் கூட்டும். கூட்டும் இடத்தில் எழுதுவதை ஒரு கணம் நிறுத்தித் தொடரும், அந்த ஒட்டில் பிழை லேசாகத் தலைதூக்கும்.

தட்டும் டிரைவும் ஒன்றுக்கொன்று பொருந்துவது தனி விஷயம். எழுதத் தொடங்கும் முன் டிரைவ் தட்டின் உள் விளிம்பில் ஒதுக்கிய சின்ன இடத்தில் லேசர் சக்தியைச் சோதித்துப் பார்க்கும். தட்டின் அடையாள எண்ணைப் பார்த்து, தன் நினைவகத்தில் அந்தத் தட்டுக்கென்று குறித்து வைத்த முறை இருந்தால் அதன்படி எழுதும். தெரியாத தட்டு என்றால் பொதுவான முறையில் எழுதும். ஒருவருக்குத் தங்கமாக அமைந்த தட்டு இன்னொருவருக்குச் சொதப்புவது இதனால்தான். யாருடைய பரிந்துரையும், என்னுடையது உட்பட, உங்கள் டிரைவில் எழுதிப் பார்க்கும் வரை பாதி உண்மைதான்.

எழுதுவதற்கு முன்னால் பாட்டு சரியாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அசல் சிடியிலிருந்து எடுக்க எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, சிடிபாரனோயா போன்ற மென்பொருள்களே நல்லது. அவை சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும். எடுத்ததை எம்பி3 ஆக்கி அதிலிருந்து சிடி எழுதுவது வீண். ஒருமுறை தூக்கிப் போட்ட ஒலி திரும்பாது. ஒலி எதையும் இழக்காத வேவ் அல்லது ஃப்ளாக் வடிவில் வைத்து எழுதுங்கள். எழுதும் மென்பொருளில் "டிஸ்க் அட் ஒன்ஸ்" என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். "டிராக் அட் ஒன்ஸ்" ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் லேசரை நிறுத்தித் தொடங்கும், வழக்கமாக இரண்டு நொடி இடைவெளியும் விழும். இடைவெளியில்லாமல் ஒன்றிலிருந்து ஒன்று தொடரும் நேரடிக் கச்சேரிப் பதிவில் அந்த வெட்டு மனதை அறுக்கும்.

கடையில் நிற்கும்போது என்ன பார்ப்பது? முதலில் ஐம்பது நூறு என்று வாங்காமல் சின்னப் பெட்டியாக ஒன்று. திறந்ததும் தட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து, எழுதும் பக்கத்தைப் பாருங்கள். சாயம் உள்ளிருந்து விளிம்பு வரை ஒரே நிறமாக இருக்க வேண்டும். திட்டு, கோடு, குமிழி, புள்ளி எதுவும் கூடாது. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஊசி முனை அளவு வெளிச்சம் ஊடுருவும் ஓட்டைகள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். வெளி விளிம்பைத் தனியாகக் கவனியுங்கள். பூச்சு சரியாக முடியாத தட்டுகள் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். லாக்கர் விளிம்பு வரை வந்து உலோகத்தை முழுதாக மூடியிருக்க வேண்டும். மூடாத இடத்தில் ஈரமும் காற்றும் உள்ளே போகும்.

மேல் பக்கத்தைப் பற்றிப் பெரும்பாலானோர் அக்கறைப்படுவதில்லை. எழுதும் பக்கத்தைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டு, பெயர் எழுதும் பக்கத்தை மேஜையில் தேய்த்து வைக்கிறார்கள். உண்மையில் மேல் பக்கம்தான் மென்மையானது. கீழே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவலாக இருக்கிறது, அதில் விழும் கீறலை மெருகேற்றிச் சரிசெய்யக்கூட முடியும். மேலே உலோகத்தைக் காப்பது மெல்லிய லாக்கர் மட்டுமே. அங்கே ஆழமாகக் கீறினால் உலோகமும் சாயமும் சேர்ந்தே போய்விடும், மீட்க வழியில்லை. அதனால் நான் மேல் பக்கம் முழுவதும் வெள்ளைப் பூச்சுள்ள, இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சடிக்கும் வகைத் தட்டுகளை விரும்பி எடுக்கிறேன். அந்தப் பூச்சு கூடுதல் காவல். மேலே எதுவும் அச்சடிக்காத, கண்ணாடி மாதிரி மின்னும் வெள்ளித் தட்டுகள் பார்க்க அழகு, ஆனால் சட்டென்று கீறல்படும். பால்பாயின்ட் பேனாவால் எழுதவே கூடாது. தண்ணீர் கலந்த மையுள்ள, சிடிக்கென்றே விற்கும் மென்முனைப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நடுத் துளையைச் சுற்றியுள்ள தெளிவான வளையத்தில் மட்டும் எழுதுங்கள், அங்கே தகவல் எதுவும் இல்லை. ஒட்டும் லேபிள் வேண்டாம். சற்றே கோணலாக ஒட்டினாலும் சுழலும்போது சமநிலை போகும், பசையும் நாளடைவில் லாக்கரைத் தின்னும்.

பிறகு, எழுதிப் பாருங்கள். விளிம்பு வரை நிறையும்படி ஒரு முழுத் தட்டு எழுதுங்கள். பாதி எழுதிய தட்டு எதையும் சொல்லாது, ஏனெனில் சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது, தவறு முதலில் வருவது வெளியே. உங்கள் டிரைவ் சி1, சி2 அளவுகளைச் சொல்லக்கூடியதாக இருந்தால், கியூபிஎக்ஸ்டூல் போன்ற மென்பொருளில் அளந்து பாருங்கள். சி2 ஒன்றுகூட வரக் கூடாது. சி1 எண்ணிக்கையைவிட அதன் போக்கு முக்கியம். தொடக்கம் முதல் இறுதி வரை தாழ்வாகச் சீராகப் போனால் நல்ல தட்டு. கடைசி பத்து நிமிடத்தில் மலை மாதிரி ஏறினால், அந்தப் பெட்டியை அவசரத்துக்கு ஃபைல் எழுத வைத்துக்கொண்டு, பாட்டுக்கு வேறு தேடுங்கள். அளக்கும் டிரைவ் இல்லையென்றால், எழுதிய தட்டையே அசல் மாதிரி பாவித்து, எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் திரும்ப எடுங்கள். முதலில் வைத்திருந்த ஃபைலோடு ஒப்பிடுங்கள். பிட்டுக்குப் பிட் ஒத்துப்போகிறதா, கடைசிப் பாட்டில் படிக்கத் திணறுகிறதா என்று தெரிந்துவிடும். உங்களிடம் இருப்பதிலேயே பழைய, கோபக்கார பிளேயரில் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். அது பாடினால் எல்லாம் பாடும்.

இத்தனையும் செய்து தேறிய தட்டு கிடைத்தால், அதே பெட்டி எண்ணில், அதே சரக்கில் வேண்டிய அளவு வாங்கி வைத்துக்கொள்வேன். அடுத்த சரக்கு வரும்போது மறுபடியும் முதலிலிருந்து சோதனை. எழுதாத தட்டுக்கும் வயது ஏறும், அதனால் பல ஆண்டுகளுக்கு என்று குவிக்கவும் மாட்டேன்.

எழுதி முடித்த தட்டை எங்கே வைப்பது? அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி, 2003-ல் சிடி, டிவிடி பராமரிப்புக்கு ஒரு கையேடு வெளியிட்டது. 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பம், 20 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்பது அதன் பரிந்துரை. எல்லா வீட்டிலும் அந்த அளவைத் தர முடியாது. முடியாவிட்டாலும் மூன்றைச் செய்யலாம்: வெயில் படாத இடம், சூடு சட்டென்று ஏறி இறங்காத இடம், ஒவ்வொன்றும் தனித்தனிக் கடினப் பெட்டியில் நிமிர்ந்த நிலையில். நெகிழி உறைகள் கொண்ட ஆல்பத்தில் செருகி வைப்பது தட்டின் முகத்தில் உராய்கிறது, அழுத்துகிறது. காரில் கேட்கும் தட்டுகளை நான் செலவுக் கணக்கிலேயே எழுதிவிடுவேன். மூடிய காரின் சூட்டையும் வெயிலையும் எந்தச் சாயமும் நீண்ட நாள் தாங்காது. அவற்றுக்கு விலை மலிவான தட்டு போதும், கெட்டால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளமாக விழும், சர்க் திருத்தத்தால் அதைச் சமாளிக்க முடியாமல் போகும்.

ஒரே ஒரு பிரதியாக, வேறு எங்கும் கிடைக்காத பதிவு என்றால் - குடும்பத்தில் யாரோ பாடியது, கேசட்டிலிருந்து மீட்டது - பாட்டு சிடியை மட்டும் நம்பி அதை விடாதீர்கள். முதலில் சொன்ன காரணம்தான்: அதில் கூடுதல் காவல் இல்லை. கேட்பதற்குப் பாட்டு சிடி, காப்பதற்கு அதே பதிவு ஃப்ளாக் ஃபைலாக வன்தட்டில் ஒன்று, இன்னொரு தட்டில் ஃபைல் வடிவில் ஒன்று. நீண்ட ஆயுளுக்கென்று வரும் எம்-டிஸ்க் வகை டிவிடியிலும் புளூ-ரேயிலும்தான் உண்டு, சிடியில் கிடையாது. அதனால் அது ஃபைல் பிரதிக்கு மட்டும். ஃப்ளாக் ஃபைலுக்குள்ளேயே ஒலியின் சரிபார்ப்புக் குறியீடு இருப்பதால், பல ஆண்டு கழித்தும் அது அப்படியே இருக்கிறதா என்று ஒரு சொடுக்கில் தெரிந்துகொள்ளலாம். சிடி ஒன்று திணறத் தொடங்கினால், அந்த ஃபைலிலிருந்து அன்றைக்கே புதிதாக ஒன்று எழுதிவிடலாம். நான் ஆண்டுக்கு ஒருமுறை சில தட்டுகளை எடுத்து மறுபடி அளந்து பார்க்கிறேன். எழுதிய நாளில் குறித்து வைத்த சி1 எண்ணைவிட வெகுவாக ஏறியிருந்தால், அந்தச் சரக்கில் எழுதிய எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தேவையானதை வேறு தட்டுக்கு மாற்றிவிடுவேன். அதற்காகவே ஒவ்வொரு பெட்டியின் உள் தாளிலும் தேதி, தட்டின் அடையாள எண், எழுதிய வேகம், டிரைவின் பெயர், இந்த நான்கையும் பென்சிலால் குறித்து வைப்பது வழக்கம்.